பூனைக்காலிக்குப் பணம் போடுவது யார்?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, வாசலூர்பட்டியில் படகுச் சவாரி போய்விட்டு வந்தவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்த ஊரில் ஒரு பெரியவருக்குக் கை உதறுகிறது, நடை சுருங்குகிறது, சட்டைப் பித்தான் போடவே பத்து நிமிஷம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். "வயசாயிடுச்சில்ல, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். நரம்பியல் டாக்டரைப் பார்க்க மலையிறங்க வேண்டுமே!

இதுதான் உதறுவாதம். டாக்டர்கள் பார்க்கின்சன் நோய் என்பார்கள். அசைவுக் கோளாறுகளில் முக்கியமானது. மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதால் வருகிறது. டோபமினையே மாத்திரையாகக் கொடுத்தால் அது மூளைக்குள் நுழையாது. அதனால் மூளைக்குள் போய் டோபமினாக மாறும் லெவோடோபாவைக் கொடுக்கிறார்கள்.

இங்கேதான் நம்மூர்க் கதை வருகிறது. வேலியிலும் புதரிலும் படர்ந்து, காய் மேலே பட்டால் உடம்பெல்லாம் அரிக்குமே, பூனைக்காலி, அதன் விதையில் இந்த லெவோடோபா இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து 1937-லேயே வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் கூடத்தைச் சேர்ந்த தாமோதரன், ராமசாமி என்ற இருவர். அது எந்த நோய்க்கு உதவும் என்று அன்று யாருக்கும் தெரியாது. வியன்னாவில் 1961-ல் ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். 1967-ல் அமெரிக்காவில் கோட்சியாஸ் என்ற டாக்டர், வாய்வழியாக அதிக அளவில் கொடுத்துப் பலன் காட்டினார். நடுவில் ஓடிப்போனது 30 வருஷம்!

சரி, விதையையே பொடித்துக் கொடுத்தால் என்ன? 1995-ல் இந்தியாவில் 60 நோயாளிகளுக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் தெரிந்தது. ஆனால் மாற்று மருந்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. 2017-ல் வெளியான பொலிவியா ஆய்வில் 18 பேருக்கு ஒற்றை வேளை கொடுத்தபோது மாத்திரைக்கு இணையாக வேலை செய்தது. தினசரி கொடுத்துப் பார்த்த அடுத்த ஆய்விலோ, 14 பேரில் பாதிப் பேர் வயிற்றுக் கோளாறாலும் அசைவு மோசமானதாலும் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். சில நூறு பேரை வருஷக்கணக்கில் கவனித்தால்தான் விடை கிடைக்கும். அதற்கு லட்சங்கள் போதாது, கோடிகள் வேண்டும். காப்புரிமை கிடைக்காத வேலிச்செடிக்கு மருந்துக் கம்பெனி ஏன் பணம் போடப்போகிறது?

ஆகவே பொதுப்பணம்தான் கதி. டெல்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. உயிரித் தொழில்நுட்பத் துறை, ஆயுஷ் அமைச்சகம் ஆகியவையும் ஆராய்ச்சிக்கு மானியம் தருகின்றன. வெளிநாட்டில், நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் தனக்கு இந்த நோய் வந்த பிறகு 2000-ல் தொடங்கிய அறக்கட்டளை, உலகெங்கும் பார்க்கின்சன் ஆய்வுகளுக்கு நிதி தருகிறது. நம் நாட்டில் 10,000 நோயாளிகளையும் 10,000 ஆரோக்கியமானவர்களையும் சேர்த்து மரபணுவை ஆராயும் பெரிய திட்டமும் நடக்கிறது. இதுவரை வந்த மரபணுத் தகவலில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சத்தாருடையது. நம்மவர்களுக்கு அது அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

தனி ஆள் யாரும் மானியம் வாங்கிவிட முடியாது. ஒரு கல்லூரியோ ஆஸ்பத்திரியோ சார்ந்த ஆராய்ச்சியாளர்தான் விண்ணப்பிக்கலாம்; நெறிமுறைக் குழு ஒப்புதலும் வேண்டும். மலைச்செடியைக் கொண்டு வெளிநாட்டார் ஆய்வு செய்வதானால், சென்னையில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி தேவை. 2002-ம் வருஷத்துச் சட்டப்படி, லாபத்தில் உள்ளூர் மக்களுக்கும் பங்கு கேட்க வழி உண்டு. இதை மலைவாழ் மக்களுக்கு யாராவது எடுத்துச் சொல்கிறார்களா என்பது வேறு விஷயம்!

இதைப் படித்துவிட்டுப் பூனைக்காலியைப் பறித்து வறுத்துப் பொடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். விதைக்கு விதை மருந்தின் அளவு மாறும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் இதையும் சேர்த்தால் வாந்தி, தலைசுற்றல், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது என்று வம்பு வரும். லெவோடோபா மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு எடுப்பது பொதுவாக நல்லது. பருப்பு, முட்டை, மாமிசத்தின் புரதம் அது உடம்பில் சேர்வதைக் குறைக்கும். குமட்டினால் என்ன செய்வது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவரை ஒரு ஆய்வில் சேர்க்கச் சொன்னால், மருந்துப் பரிசோதனையாக இருந்தால் அது அரசின் மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். "சேரப் பணம் கட்டுங்க" என்று சொன்னால் உஷார். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் தர வேண்டும் என்பது 2019 விதி. இன்னொன்று: மானிய விண்ணப்பத்தில் நோயாளியின் போக்குவரத்துச் செலவையும் சேர்க்கலாம். மலையிலிருந்து துணைக்கு ஒரு ஆளோடு இறங்கி வருபவர், அன்றைய கூலியையும் விட்டுவிட்டு வருகிறார். "பஸ் காசு தருவீங்களா?" என்று கூச்சப்படாமல் கேட்கலாம்.