பட்டுக்கூட்டுப் பசையிலிருந்து முகத்துக்கு இதமான பூச்சு நீர்

மல்பெரித் தோட்டத்திலும் வயலிலும் நாள் முழுதும் வெயிலில் நிற்கும் உழவர் பெருமக்களுக்கும் குடும்பப் பெண்களுக்கும் முகத்தோல் வறண்டு, இறுகி, எரிவது புதிதன்று. இந்த எரிச்சலைத் தணிக்கவென்று நகர்ப்புறக் கடைகளில் சிறு புட்டிகளில் ‘சீரம்’ என்ற பெயரில் ஒரு பூச்சு நீர் விற்கப்படுகிறது. அவற்றுள் சிலவற்றில் சேர்க்கப்படும் முக்கியப் பொருள்களில் ஒன்று பட்டுப்பசை. பட்டுப்புழு வளர்ப்போர் வீட்டில் கழித்துக் கட்டிய கூடுகளிலேயே இது இருக்கிறது. இதைக் கொண்டு வீட்டிலேயே பூச்சு நீர் தயாரிக்கும் முறையையும், அதில் தவறாமல் கைக்கொள்ள வேண்டிய சுத்தத்தையும் இங்கே காண்போம்.

பட்டுப்பசை என்றால் என்ன?

பட்டுப்புழு தன் வாயிலிருந்து விடும் இழை உண்மையில் இரண்டு மெல்லிய இழைகளால் ஆனது. அவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைத்து, கூட்டைக் கெட்டியாக்குவது ஒரு வகைப் பசை. இதற்குச் செரிசின் என்று பெயர். கச்சாப்பட்டின் எடையில் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் வரை இந்தப் பசையே ஆகும். 1865-ஆம் ஆண்டில் எமில் கிராமர் என்னும் வேதியியல் அறிஞர் இப்பசையிலிருந்து ஒரு புரதக்கூற்றைப் பிரித்தெடுத்தார். பட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையொட்டி அதற்குச் செரின் என்று பெயர் வந்தது. பட்டுப்பசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தச் செரின்தான்.

நம் தோலின் மேலடுக்கு ஈரத்தைப் பிடித்துவைக்க உதவும் இயற்கைப் பொருள்களிலும் செரின் உண்டு. பட்டுப்பசை நீரை இழுத்து வைத்துக்கொள்ளும் தன்மையுடையது. முகத்தில் பூசினால் மெல்லிய ஏடுபோல் படிந்து, ஈரம் விரைந்து ஆவியாகாமல் காக்கிறது. இதனால் தோல் வறட்சியும் இறுக்கமும் குறைகின்றன. இதன் பயன் இவ்வளவே. இது நிறத்தை மாற்றாது. மங்கையோ பருவையோ போக்காது.

காஞ்சிபுரத்தில் வீணாகும் பசை

காஞ்சிபுரத்துச் சேலைக்குப் பெயர் வாங்கித் தரும் மினுமினுப்பு, இந்தப் பசையை நீக்கிய பிறகே பட்டுக்குக் கிடைக்கிறது. முறுக்கேற்றிய கச்சாப்பட்டைச் சாயம் ஏற்றுமுன் சோப்பும் சோடா உப்பும் கலந்த நீரில் வேகவைக்கிறார்கள். பசை கரைந்து நீரோடு போய்விடுகிறது. ஒரு கிலோ கச்சாப்பட்டு வெந்து, அலசி, உலர்ந்த பிறகு சுமார் 750 கிராம்தான் நிற்கும். மீதிக் கால் கிலோ சாக்கடையில் கலக்கிறது.

“அப்படியானால் சாயப்பட்டறையில் வடிக்கும் நீரையே வாங்கிப் பூசலாமே?” என்று சிலர் கேட்கக்கூடும். கூடவே கூடாது. அந்த நீரில் சோடா உப்பின் காரத்தன்மை மிகுந்திருக்கும். நம் தோலோ இயல்பாகவே சற்று அமிலத்தன்மை கொண்டது. கார நீர் பட்டால் தோலின் எண்ணெய்ப் பசை அற்றுப்போய், வறட்சியும் எரிச்சலும் முன்னிலும் அதிகமாகும். சாயக் கழிவு கலந்திருக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே நெசவாளருக்கு வேண்டாத அந்தப் பசையை உழவர் தம் வீட்டுக் கூட்டிலிருந்து, வெறும் நீரில் எடுத்துக்கொள்வதே சரியான வழி.

எந்தக் கூடு ஏற்றது?

நல்ல கூடுகளை இதற்காகச் செலவிட வேண்டியதில்லை. இரண்டு புழுக்கள் சேர்ந்து கட்டிய இரட்டைக்கூடு நூற்புக்கு ஏற்றதன்று. அங்காடியில் அதற்கு விலையும் குறைவு. ஆனால் பசையில் குறைவில்லை. இதையே பயன்படுத்தலாம்.

வெள்ளைக் கூடு சிறந்தது. மஞ்சள் கூட்டின் நிறம் பெரும்பாலும் பசையிலேயே இருப்பதால் நீரும் மஞ்சளாகிவிடும். புழு இறந்து கறைபட்ட கூடு, பூஞ்சணம் பிடித்த கூடு, ஊஜி ஈ துளைத்த கூடு, நோய் கண்ட தொகுதியின் கூடு ஆகியவற்றை ஒதுக்கிவிட வேண்டும். படுக்கைக் கிருமிநாசினித் தூள் ஒட்டியிருக்கும் கூடும் ஆகாது.

கூட்டைப் பிளேடால் வெட்டிக் கூட்டுப்புழுவை நீக்கிவிட்டு, உட்புறத்தில் இருக்கும் புழுத்தோலையும் தட்டி எடுத்துவிட வேண்டும். மேலே பஞ்சுபோல் படர்ந்துள்ள வெளியிழைகளைக் களைந்து, நிழலில் நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். உலர்ந்த கூட்டில் பசை பல மாதங்கள் கெடாமல் இருக்கும். நீரில் கரைந்த பசையோ சில நாட்களில் கெட்டுவிடும். எனவே சேமித்து வைக்க வேண்டியது கூட்டைத்தான், நீரையன்று. இதுவே இம்முறையின் உயிர்நாடி.

தேவையான பொருள்கள்

கீழ்க்கண்ட அளவு மூன்று பேருக்கு மூன்று நாட்களுக்குப் போதும்.

வெட்டிச் சுத்தம் செய்த கூடு – 2 கிராம் (இரட்டைக்கூடு எனில் 4, சாதாரணக் கூடு எனில் 6)
குடிநீர் – 80 மி.லி.
சோற்றுக்கற்றாழைச் சோறு – 2 மேசைக்கரண்டி
பிரஷர் குக்கர், மூடியுள்ள எவர்சில்வர் டம்ளர், வெள்ளைத் துணி, சிறு கண்ணாடிப் புட்டி.

சோற்றுக்கற்றாழையைத் தேர்ந்தெடுத்தல்

வேலியோரமும் இரயில் பாதை ஓரமும் வளரும் யானைக்கற்றாழையைச் சோற்றுக்கற்றாழை என்று எண்ணி எடுத்துவிடக் கூடாது. யானைக்கற்றாழை மடலின் நுனியில் ஊசிபோன்ற கடினமான முள் இருக்கும்; உள்ளே நார் நிறைந்திருக்கும். அதன் சாறு பட்டால் தோல் சிவந்து கொப்புளிக்கும். சோற்றுக்கற்றாழை மடலை ஒடித்தால் உள்ளே கண்ணாடிபோல் தெளிந்த சோறு தெரியும்.

நன்கு முற்றிய அடிமடல் ஒன்றை அறுத்து, வெட்டுவாய் கீழே இருக்கும்படி அரை மணி நேரம் சாய்த்து வைக்க வேண்டும். மஞ்சள் நிறத்தில் ஒரு பால் வடியும். இது கசப்பானது, பேதியை உண்டாக்குவது, தோலிலும் எரிச்சல் தருவது. இது வடிந்த பின் மடலைக் கழுவி, பச்சைத் தோலைத் தடிமனாகச் சீவி எறிந்துவிட்டு, உள்ளிருக்கும் சோற்றை மட்டும் எடுத்து மூன்று நான்கு முறை நீரில் அலச வேண்டும். மஞ்சள் நிறம் சிறிதும் இருக்கக் கூடாது.

செய்முறை

1. புட்டி, மூடி, கரண்டி, வடிகட்டும் துணி ஆகியவற்றைக் கொதிநீரில் 10 நிமிடம் போட்டு எடுத்து உலர வைக்கவும். கைகளைச் சோப்பிட்டுக் கழுவவும்.

2. கூடுகளைக் குளிர்ந்த நீரில் ஒரு முறை அலசி, சிறு துண்டுகளாக நறுக்கவும். டம்ளரில் இட்டு 80 மி.லி. குடிநீர் ஊற்றி மூடவும்.

3. குக்கரின் அடியில் இரண்டு டம்ளர் நீர் ஊற்றி, கூடுள்ள டம்ளரை உள்ளே வைத்து மூடவும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 30 நிமிடம் வைக்கவும்.

4. அடுப்பை அணைத்து, ஆவி தானாக அடங்கிய பிறகே குக்கரைத் திறக்கவும்.

5. நீரைத் துணியில் வடிக்கவும். விரல்களுக்கிடையே தொட்டுப் பார்த்தால் சற்று வழவழப்பாக இருக்கும். பசை இறங்கியதற்கு இதுவே அடையாளம்.

6. கற்றாழைச் சோற்றை நன்கு மசித்து, அதே துணியில் வடித்து, இந்நீருடன் சேர்க்கவும். கலவையை மூடிய டம்ளரில் மீண்டும் ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து இறக்கவும்.

7. ஆறியதும் புட்டியில் ஊற்றி மூடி, தயாரித்த தேதியை எழுதி ஒட்டவும்.

ஆய்வுக்கூடங்களில் பட்டுப்பசை எடுக்கும் முறைகளில் ஒன்று, அழுத்தமூட்டிய நீராவியில் சுமார் 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கூட்டை வேகவைப்பது. வீட்டுக் குக்கரும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது. பசையும் கரைகிறது, கிருமிகளும் அழிகின்றன. திறந்த பாத்திரத்திலும் ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து எடுக்கலாம். ஆனால் பசை குறைவாகவே இறங்கும்.

எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, கற்பூரம், வாசனைத் தைலம் எதையும் சேர்க்க வேண்டாம். எலுமிச்சைச் சாறு பூசிய தோலில் வெயில் பட்டால் புண்ணும் கருமையும் உண்டாகும்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

பட்டுப்பசை ஒரு புரதம். புரதம் கலந்த நீர் கிருமிகளுக்கு நல்ல உணவு. கடைப் புட்டியில் கெடாமல் காக்கும் மருந்து சேர்க்கப்பட்டிருக்கும்; நம் புட்டியில் அது இல்லை. ஆகையால் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள், அது இல்லாத வீட்டில் தயாரித்த நாளின் மாலை வரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். மண்பானைக் குளிர்ச்சி இதற்குப் போதாது. நாற்றம், புளிப்பு, நூல்போல் இழுபடுதல் ஆகியவை கெட்டதற்கு அடையாளங்கள். ஆயினும் நாற்றம் வருமுன்னரே கிருமி பெருகியிருக்கக் கூடுமாதலால், தேதி கடந்ததைத் தயங்காமல் கொட்டிவிடவும். குளிரில் கூழ்போல் உறைந்தால் அது கெட்டதன்று. பசையின் இயல்பே அது.

பூசும் முறை

முதலில் சோதனை செய்வது கட்டாயம். முழங்கை மடிப்பின் உட்புறத்தில் இரண்டு சொட்டுத் தடவி, காலை மாலையாக இரண்டு நாள் பார்க்கவும். அரிப்பு, சிவப்பு, தடிப்பு தோன்றினால் முகத்தில் பூசக் கூடாது. பட்டுப்புழு வளர்ப்பு மனையில் நுழைந்தாலே தும்மலோ மூச்சிரைப்போ அரிப்போ உண்டாகிறவர்களுக்குப் பட்டுப் புரதமே ஒவ்வாததாக இருக்கலாம். அவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கவும் வேண்டாம்.

ஒத்துக்கொண்டவர்கள் முகத்தை வெறும் நீரில் கழுவி ஒற்றியபின், கரண்டியால் ஒரு தேக்கரண்டி அளவு உள்ளங்கையில் எடுத்து மெல்லப் பூசலாம். புட்டிக்குள் விரலை விடக் கூடாது. காலை ஒரு முறை, இரவு ஒரு முறை போதும். கண்ணிலும் திறந்த புண்ணிலும் படக் கூடாது. இதைப் பூசிக்கொண்டதால் வெயில் சுடாமல் விடாது. தலைப்பாகையும் முந்தானையும் எப்போதும்போல் தேவையே.

மருத்துவரிடம் செல்ல வேண்டியவை

பூச்சிமருந்து தெளிக்கும்போது முகத்தில் பட்டு எரிந்தால், உடனே ஏராளமான நீரில் கழுவி, மருந்துப் புட்டியின் சீட்டுடன் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பார்த்தீனியம் செடி மிகுந்த வயல்களில் வேலை செய்வோருக்கு முகம், கழுத்து, கண்ணிமை ஆகியவை தடித்து அரிப்பது அச்செடியின் ஒவ்வாமையாக இருக்கலாம். இவ்விரண்டுக்கும் இப்பூச்சு நீர் மருந்தாகாது.

சிகப்பழகுக் களிம்புகளைப் பற்றியும் இங்கே கூறியாக வேண்டும். எரிச்சலுக்கும் மங்குக்கும் என்று வாங்கும் பெயர் தெரியாத களிம்புகள் சிலவற்றில் பாதரசம் இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களுள் 15 பேருக்கு அந்நோயின் அரிய பிரிவு ஒன்று இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிகப்பழகுக் களிம்பு பூசி வந்தவர்கள். களிம்பை நிறுத்திய பின் பெரும்பாலோர் தேறினர். முகத்தில் பூசியது உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஸ்டீராய்டு கலந்த களிம்பும் மருத்துவர் சீட்டின்றி வாங்கத்தக்கதன்று. முதலில் முகம் தெளிந்ததுபோல் காட்டி, நாளடைவில் தோலை மெலிய வைத்துவிடும்.

விற்பனை செய்யலாமா?

மகளிர் குழுவினர் சிலர் இதைப் புட்டியில் அடைத்து விற்க எண்ணலாம். இங்கே கூறிய முறை வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே. அழகுப் பொருள்களைத் தயாரித்து விற்க, 2020-ஆம் ஆண்டின் அழகுப் பொருள்கள் விதிகளின்படி மாநில உரிமம் வழங்கும் அலுவலரிடம் உரிமம் பெற வேண்டும். மூன்றே நாளில் கெடும் பொருளைக் கடைக்கு அனுப்புவது வாங்குவோருக்கும் தீங்கு, விற்போருக்கும் வம்பு.

கூட்டை உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்; வேண்டும்போது கொஞ்சமாகக் காய்ச்சுங்கள்; சோதித்துப் பூசுங்கள்; மூன்றாம் நாள் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். விலைபோகாத இரட்டைக்கூடு நாலு, கொல்லையில் ஒரு மடல் கற்றாழை, அரை மணி நேர அடுப்பு, இவ்வளவே செலவு. இவ்வளவு எளிதில் கிடைக்கும் இதத்தை விட்டுவிட்டு, பெயரறியாத களிம்புக்குப் பணமும் உடல்நலமும் ஒருசேர இழக்க வேண்டியதில்லை.