எல்லையற்ற வெளியில் மாணாக்கர் காப்பு

முன்னுரை

திருத்தணி எல்லையின் அருமையை அறிந்த ஊர். மங்கலங்கிழார், ம.பொ.சிவஞானம் முதலிய பெருமக்கள் முன்னின்ற வடவெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் முதல் நாளன்று இவ்வூர் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து வருவோரிடையே இன்றும் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. ஆயினும் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பதை இவ்வூரார் நன்கறிவர். கோட்டுக்கு இப்பால் நடந்தால் இந்தக் காவல் நிலையம், அப்பால் நடந்தால் அந்தக் காவல் நிலையம் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இணையவெளியில் அத்தகைய கோடு எதுவும் இல்லை. மலையடிவாரத்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கைப்பேசியைத் திறக்கும் மாணவரிடம், எந்த ஊரினன் என்றே அறியப்படாத ஒருவன் நண்பனாக வந்து சேர்கிறான். இணையத்தால் மாணாக்கர் பெற்றுள்ள நன்மைகள் பல. அரிய நூல்களையும் அகராதிகளையும் இருந்த இடத்திலேயே படிக்கும் வாய்ப்பு நம் தலைமுறைக்குக் கிட்டாத பேறாகும். எனவே இணையமே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. அவ்வெளியில் தீங்கு நேர்ந்தால் மாணாக்கரைக் காப்பது எது என்பதே நம் வினா. பூட்டும் வேண்டும், சட்டமும் வேண்டும். இவ்விரண்டுக்கும் முன்னதாக, நேர்ந்ததை அஞ்சாமல் சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன், திருத்தணியிலிருந்து நம்மோடு ஒரே ரயிலில் கல்லூரிக்கு வந்துகொண்டிருந்த மாணவர் ஒருவர் திடீரென வருவதை நிறுத்திவிட்டார். நண்பர்கள் வற்புறுத்தி அழைத்து வந்தபோது உண்மை வெளிப்பட்டது. கடன் தரும் செயலி ஒன்றின் வழியாக அவர் சில ஆயிரம் ரூபாய் பெற்றிருந்தார். செயலியை நிறுவும்போது, கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அது அனுமதி கேட்டது. அவரும் படித்துப் பாராமல் கொடுத்துவிட்டார். வாங்கியதற்கு மேல் கட்டிய பின்னும் மிரட்டல் ஓயவில்லை. அவர் முகத்தை ஓர் ஆபாசப் படத்தில் ஒட்டி, அதனை உறவினர் அனைவருக்கும் அனுப்பப் போவதாக அச்சுறுத்தினர்.

நாம் அவரிடம் கேட்ட முதற் கேள்வி, "ஏன் கடன் வாங்கினாய்?" என்பது. அவர் தலை கவிழ்ந்தார்; அதன்பின் அன்று ஒரு சொல்லும் பேசவில்லை. இருபதாண்டுக் காலம் சொற்களைக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட நாம், சொல்ல வந்தவரின் வாயை ஒரே கேள்வியால் அடைத்துவிட்டோம். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள், "இப்போது என்ன செய்யலாம், சொல் தம்பி" என்று கேட்டோம். "அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார் ஐயா" என்றார்.

மிரட்டுவோர் கையிலிருந்த படம் பொய்ப்படம். வீட்டார்பால் அவர் கொண்டிருந்த அச்சமோ மெய். அம்மெய்யான அச்சத்தை முதலாக வைத்தே அவர்கள் தொழில் நடத்தினர். நாம் அவருடன் சென்று தந்தையாரைக் கண்டோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "பணம் போனால் போகட்டும். என்னிடம் சொல்லியிருக்கலாமே" என்றார். அன்று மாலையே அவர் உறவினர் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, மகன் பெயரில் பொய்ப்படம் வரக்கூடும் என்றும் அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்றும் கூறினார். புகாரும் பதிவாயிற்று. உறவினர் அனைவரும் அறிந்துவிட்ட பின் மிரட்டலுக்கு வேலை இல்லாமற் போயிற்று.

மூன்று நிகழ்வுகள்

தமிழகத்தில் நிகழ்ந்த மூன்று நிகழ்வுகளை ஒப்புநோக்கினால் இவ்வுண்மை மேலும் விளங்கும்.

முதலாவது, சென்னையில் 2004ஆம் ஆண்டு நிகழ்ந்தது. ஒரு பெண்ணின் பெயரால் பொய்யான மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கிய ஒருவர், யாகூ குழுவொன்றில் அவரைப் பற்றி இழிவான செய்திகளை இட்டார். அப்பெண்ணுக்குத் தொல்லை தரும் அழைப்புகள் வந்தன. அவர் அஞ்சி ஒடுங்காமல் அவ்வாண்டு பிப்ரவரியில் காவல்துறையிடம் புகார் அளித்தார். குற்றவாளி மும்பையில் கண்டறியப்பட்டார். 2004 நவம்பர் 5 அன்று எழும்பூர் நீதிமன்றம் தண்டனை வழங்கியது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஆம் பிரிவின்கீழ் இந்தியாவில் கிட்டிய முதல் தண்டனையாக இது குறிப்பிடப்படுகிறது. புகார் தந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே நீதி கிடைத்தது.

இரண்டாவது, 2016ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்தில் நிகழ்ந்தது. இளம் பட்டதாரிப் பெண் ஒருவரின் முகத்தை வேறு படத்தோடு பொருத்தி முகநூலில் வெளியிட்டனர். குடும்பத்தார் காவல்துறையை நாடியும் நடவடிக்கை காலந்தாழ்ந்தது. அப்பெண் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். தாம் எவருக்கும் படம் அனுப்பவில்லை என்பதைப் பெற்றோர் நம்பவில்லையே என்ற வேதனை அவர் எழுதி வைத்த கடிதத்தில் இருந்ததாக நாளேடுகள் எழுதின. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பின்னர்த் தாமதத்திற்காக மன்னிப்புக் கோரினார். மன்னிப்பைக் கேட்க அப்பெண் இல்லை.

மூன்றாவது, பொள்ளாச்சி வழக்கு. சமூக ஊடகங்களின் வழியே பழகி, நம்பவைத்து அழைத்துச் சென்று, வன்கொடுமை செய்து, அதனைப் படம் பிடித்து மிரட்டிய கூட்டத்தின்மீது 2019 பிப்ரவரியில் கல்லூரி மாணவி ஒருவர் புகார் கொடுத்தார். மறைக்கப்பட வேண்டிய அவர் பெயர் காவல்துறையினராலேயே வெளியிடப்பட்டது. அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. இத்துணை இடருக்கு இடையிலும் பாதிக்கப்பட்ட பெண்கள் உறுதியாக நின்று சாட்சி கூறினர். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறைத்தண்டனை விதித்தது.

இம்மூன்றிலும் குற்றம் இழைத்தோரின் கருவி ஒன்றே. கேட்டவர்கள் நடந்துகொண்ட முறை வெவ்வேறு, முடிவும் வெவ்வேறாயிற்று. சொல்பவருக்குத் துணிவு வேண்டும் என்று நாம் எளிதாகக் கூறிவிடுகிறோம். கேட்பவரிடம் நம்பிக்கையும் விரைவும் இருந்தாலன்றி அத்துணிவு பயன் தராது.

எல்லை ஒரு தடையன்று

"மிரட்டுபவன் வேறு மாநிலத்தான், எந்தக் காவல் நிலையத்திற்குச் செல்வது?" என்று எல்லைப்புற ஊரார் கேட்பது இயல்பே. இதற்குச் சட்டம் விடை தந்துள்ளது. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எப்பகுதியில் நிகழ்ந்திருப்பினும் தகவலை எந்தக் காவல் நிலையத்திலும் அளிக்கலாம் என்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 75ஆம் பிரிவோ, இந்தியாவிலுள்ள கணினியைத் தொட்ட குற்றமாயின் அயல்நாட்டில் இருந்து இழைத்தவனையும் விடுவதில்லை. ஒருவரின் அந்தரங்கத்தை இசைவின்றிப் படமெடுத்துப் பரப்பினால் 66ஈ பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறை உண்டு. கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படக்கோப்புகளையும் தொடுதல் கூடாதென ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் நெறிமுறை வகுத்தது. அவ்வனுமதியைக் கேட்கும் கடன் செயலி நேர்மையானதன்று என்று அப்போதே அறிந்து விலகலாம்.

செய்யத்தக்கன

தீங்கு நேர்ந்துவிட்டால் மாணாக்கர் முதலில் செய்ய வேண்டுவது நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லுதல். இரண்டாவது, சான்றுகளைக் காத்தல். அச்சத்தால் செய்திகளை அழித்துவிடுவோர் பலர். அவ்வாறு செய்யாமல் திரையைப் படமெடுத்து, எண், கணக்கின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். மூன்றாவது, மிரட்டலுக்குப் பணம் கொடாதிருத்தல். ஒருமுறை கொடுத்தவரிடம் மீண்டும் கேட்பதே அவர்கள் வழக்கம். பணம் பறிபோயிருப்பின் 1930 என்னும் எண்ணை உடனே அழைத்தல் வேண்டும். விரைந்து அழைத்தால், பணம் கைமாறுவதற்குள் வங்கிக் கணக்கை முடக்கும் வாய்ப்பு மிகுதி. மைய உள்துறையின் தேசிய இணையவழிக் குற்றப் புகார்த் தளத்திலும் புகார் பதியலாம். பெண்களுக்கு 181, பதினெட்டு வயது நிரம்பாதோருக்கு 1098 ஆகிய எண்கள் உள்ளன. மனம் தளர்ந்து வாழ்வே வேண்டாம் என்று தோன்றும் வேளையில் 14416 என்னும் எண்ணில் இரவிலும் பகலிலும் பேசலாம்.

வருமுன் காத்தலும் நம் கடமை. கணக்குகளுக்கு இரட்டைச் சரிபார்ப்பை ஏற்படுத்துதல், ஓ.டி.பி. எண்ணை எவருக்கும் சொல்லாதிருத்தல், செயலி கேட்கும் அனுமதிகளைப் படித்துப் பார்த்தல் ஆகியவை சிறு செயல்களே, பயனோ பெரிது. திருவள்ளுவர் நட்பைப் பற்றி 79 முதல் 83 வரை அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்கள் வகுத்தார். அவற்றுள் நட்பாராய்தல், தீ நட்பு, கூடாநட்பு என்னும் மூன்றும் எச்சரிக்கை கூறுபவை. தேர்வுக்காக மனனம் செய்யும் அவ்வதிகாரங்களை, முகமறியாதவர் விடுக்கும் நட்பழைப்பை ஏற்குமுன் நம் மாணாக்கர் ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.

பகிர்வோரின் பொறுப்பு

ஒருவரை மானபங்கம் செய்யும் படம் பரவுவது அதனை முதலில் இட்டவனால் மட்டும் அன்று. "எனக்கு வந்தது, அனுப்பினேன்" என்போர் ஒவ்வொருவரும் அக்குற்றத்தில் பங்குடையர். சிறாரைக் காட்டும் ஆபாசப் படத்தை அழிக்காமலும் தெரிவிக்காமலும் வைத்திருத்தலே குற்றமாகலாம் என 2024 செப்டம்பர் 23 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறர் குறையைத் துருவித் தேடாமையும், வந்த செய்தியைத் தீர விசாரித்தலும் திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் வற்புறுத்தும் பண்புகள். எம்மறையைச் சார்ந்தோரும் உடன்படும் அறம் இது. நம் வகுப்பறையில் இருந்து ஒரு பொய்ப்படமும் புறப்படலாகாது.

முடிவுரை

ஆசிரியர் நாளாக நாம் கொண்டாடும் செப்டம்பர் 5, திருத்தணியில் 1888ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் பிறந்தநாள். அந்நாளில் மாணாக்கர் நமக்கு மலர் தருகின்றனர். நாம் அவர்களுக்குத் தரத்தக்கது ஒன்றுண்டு. எத்தகைய தவறு நேர்ந்திருப்பினும், "ஏன் செய்தாய்?" என்னும் கேள்வியைப் பின்னர் வைத்துக்கொண்டு, "சொல், நான் இருக்கிறேன்" என்னும் சொல்லை முதலில் தருவதே அது. பெற்றோரும் இவ்வாறே தருவாராயின், எல்லையற்ற அவ்வெளியிலும் நம் பிள்ளைகளுக்கு ஒரு காவல் அமையும். அன்று தலை கவிழ்ந்து நின்ற மாணவர் பட்டம் பெற்றுவிட்டார். அவர் தந்தையார் அன்று கேட்ட சொற்கள் இன்றும் நம் செவியில் ஒலிக்கின்றன: "என்னிடம் சொல்லியிருக்கலாமே." அச்சொற்களைத் தீங்கு நேருமுன்பே பிள்ளைகளிடம் சொல்லி வைப்போமாக.