இரவு ஒன்பதரைக்கு வந்த போன்

அன்புள்ள தம்பி,

நேற்று ராத்திரி ஒன்பதரை மணிக்கு உனக்கு வந்த போனைப் பற்றி நீ எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். வங்கியின் செட்டில்மென்ட் பிரிவு என்றார்களாம். மீதி இரண்டு தவணையையும் இன்றைக்கே கட்டினால் இன்னும் முப்பதாயிரம் குறைக்கிறோம், இல்லாவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்று சொல்லி, ஒரு யுபிஐ எண்ணையும் அனுப்பியிருக்கிறார்கள். பணத்தை அனுப்பாமல் என்னைக் கேட்டாயே, அதில் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

பெயர், கடன் தொகை, போன மாதம் கட்டிய தவணை எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார்களே என்று குழம்பியிருக்கிறாய். கடன் வாங்கியவனின் விவரம் எத்தனையோ கைகளில் புரளும். வசூல் ஏஜென்சியில் இருக்கும், ஏதோ ஒரு கடன் ஆப்பில் இருக்கும். விவரம் தெரிந்தவன் எல்லாம் வங்கிக்காரன் ஆகிவிட மாட்டான். அதிலும் கடனில் மூழ்கிக் கிடப்பவனைவிட, கரையேறத் தொடங்கியவன்தான் இவர்களுக்குத் தோதான ஆள். அங்கே இங்கே புரட்டிய பணம் அவன் கையில் இருக்கும். எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்ற துடிப்பும் இருக்கும்.

வங்கி கொடுத்த ஓடிஎஸ், அதாவது ஒரே தடவைத் தீர்வுக் கடிதத்தை எடுத்துப் பார். கடன் கணக்கு எண், ஒப்புக்கொண்ட தொகை, தவணைத் தேதிகள் எல்லாம் அதில் இருக்கும். அதில் ஒரு வரி மாறுவதானாலும் வங்கி எழுத்தில் தர வேண்டும். பணம் உன் கடன் கணக்கில்தான் விழ வேண்டும். யாரோ ஒருவருடைய யுபிஐக்குப் போன பணம் உன் கடனில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்காது. வாட்ஸ்அப்பில் வரும் லெட்டர்ஹெட்டை நம்பாதே. அதிலுள்ள போன் எண்ணில் கூப்பிட்டுச் சரிபார்ப்பதும் வீண், எடுப்பது அவர்களே. கிளைக்கு நேரில் போ.

அழைத்த நேரத்தையும் கவனித்தாயா? காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காகக் கடன் வாங்கியவரை அழைக்கக் கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. போலீஸ் வரும் என்று மிரட்டினார்களாமே. கடனைக் கட்ட முடியவில்லை என்பதற்காக மட்டும் யாரையும் கைது செய்ய முடியாது. கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால் அது வேறு வழக்கு. உன் விஷயத்தில் அப்படி எதுவும் இல்லை.

நான் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு ஒருவர் கவுண்ட்டருக்கு வந்தார். லேமினேஷன் செய்த ஒரு தாளைப் பத்திரமாகத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மேலே "கடன் தள்ளுபடிச் சான்றிதழ்" என்று இருந்தது. கீழே இரண்டு முத்திரைகள். மனைவியின் தோட்டை அடகு வைத்து அதற்குச் "சட்டக் கட்டணம்" கட்டியிருந்தார். தள்ளுபடியாகிவிட்டது என்று நம்பி நாலு மாதமாகத் தவணையும் கட்டவில்லை. இது செல்லாது ஐயா என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் அந்தத் தாளை மறுபடியும் துணியில் சுற்றிக்கொண்டு போனார். இப்படிச் சான்றிதழ் விற்பவர்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது என்று 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.

உண்மையான தள்ளுபடியை நம் வீட்டிலேயே பார்த்தோம். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்ததே, அப்போது உன் தாத்தாவின் கடனும் கழிந்தது. சங்கத்தில் கூப்பிட்டு ரசீது கொடுத்தார்கள். நடுவில் எந்தத் தரகரும் வரவில்லை, யாரும் கட்டணம் கேட்கவில்லை.

உன் நண்பன் சொன்ன "கடன் தீர்வு" கம்பெனியைப் பற்றியும் கேட்டிருந்தாய். தவணையை நிறுத்து, வங்கி போன் செய்தால் எடுக்காதே, மாதாமாதம் எங்களுக்குக் கட்டு என்கிறார்களாம். அந்த மாதங்களில் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும், நோட்டீஸ் வந்துகொண்டே இருக்கும். உனக்கும் வங்கிக்கும் நடுவே ஒருவன் உட்கார்ந்துகொண்டு உன் வாயை அடைப்பதுதான் அங்கே நடப்பது. பேச ஆள் வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100-க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். லோக் அதாலத்தில் நீதிமன்றக் கட்டணம் கிடையாது, அங்கே எழுதும் சமரசம் சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். வங்கி மீது குறை இருந்தால் முதலில் வங்கிக்கே எழுது. 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்கும் காசில்லை.

கடைசித் தவணை முடிந்ததும் நிலுவையில்லாச் சான்றை வாங்கு. உன் சிபில் அறிக்கையில் "செட்டில்டு" என்று விழும். அதை அழித்துத் தருகிறேன் என்று அப்போது வேறொருவன் வருவான். உண்மையான பதிவை எவனாலும் அழிக்க முடியாது. தப்பான பதிவைத் திருத்த நீயே இலவசமாக விண்ணப்பிக்கலாம். வங்கியோ சிபிலோ 30 நாளுக்கு மேல் இழுத்தடித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உனக்குத் தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது.

என்றைக்காவது ஏமாந்து அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு ராத்திரியெல்லாம் புரளாதே. உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடு. பணம் கைமாறிக்கொண்டிருக்கும்போதே சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. போன பணத்தை மீட்டுத் தருகிறேன், முன்பணம் கொடு என்று பின்னாலேயே வருபவனும் அதே கூட்டம்தான்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அந்தக் கடிதம், முதல் தவணை ரசீது, நேற்று வந்த மெசேஜ் மூன்றையும் எடுத்து வை, இரண்டு பேருமாகக் கிளைக்குப் போவோம். உன் அப்பாவிடம் நான் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. உன் வாயால் கேட்டால்தான் அவருக்கு மனசு ஆறும்.

உன்
அத்தை