ஒரு சொல்லின் உறவினர்கள்



ஹாங்காங்கின் பல அடுக்குமாடிக் கட்டடங்களில் 4 என்று எண்ணிட்ட மாடியே இராது. மூன்றுக்கு அடுத்தது ஐந்துதான்! அங்கு பேசப்படும் கான்டன் சீனத்தில் 'ஸெய்' என்றால் நான்கு. அதையே தொனி மாற்றிச் சொன்னால் சாதல். ஒலி ஒற்றுமையால் வந்த அச்சம் இது.

ஒலி ஒத்திருந்தால் சொற்கள் உறவாகிவிடுமா? ஜப்பானியர் சாவை 'ஷி' என்கிறார்கள். நம் நாட்டின் மிஸோரமில், மிஸோ மொழியில் சாதல் என்பது 'தி' (இதன் தகரத்தை மூச்சு அழுத்திச் சொல்ல வேண்டும்). இவ்விரண்டில் சீனச் சொல்லுக்கு உடன்பிறப்பு எது? 'ஷி' என்றுதானே சொல்வீர்கள்? அவசரப்படாதீர்கள்!

ஒரே புள்ளியைக் கொண்டு நேர்கோட்டின் சாய்வைக் காண முடியுமா? முடியாது. எனவே மேலும் சில புள்ளிகளைச் சேர்ப்போம். திபெத்திய வினைச்சொற்களை இறந்தகால வடிவில், எழுதும் முறைப்படி தந்துள்ளேன்.

சாதல்: சீனம் ஸெய், திபெத்தியம் ஷி, மிஸோ தி
மூன்று: சீனம் ஸாம், திபெத்தியம் க்ஸும், மிஸோ பதும்
கொல்லுதல்: சீனம் ஸாட், திபெத்தியம் ப்ஸத், மிஸோ தத்

கவனித்தீர்களா? மற்றவற்றில் 'ஸ' அல்லது 'ஷ' வரும் இடத்தில் மிஸோவில் தவறாமல் 'த' வருகிறது. இது தற்செயல் அன்று, ஒழுங்கான ஒலிமாற்றம். பர்மியரும் சாதலை 'ஸ' எழுத்தால் எழுதி, இன்று 'தே' என்றே உச்சரிக்கிறார்கள். இம்மொழிகளெல்லாம் சீன-திபெத்தியக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஜப்பானியம் இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. 'ஷி' சீனத்திலிருந்து பெற்ற கடன். மூன்றுக்கு 'ஸன்' என்ற கடன் சொல்லோடு, 'மி' என்ற சொந்தச் சொல்லும் அங்கே உண்டு.

சரி, நான்குக்கும் சாவுக்கும் உறவு உண்டா? மிஸோவில் நான்கு 'பலி', பர்மியத்தில் 'லே'. சாதலைக் குறிக்கும் சொற்களோடு இவை ஒலியில் ஒட்டவே இல்லை. சீனத்தில் இரண்டும் ஒத்து ஒலிப்பது வெறும் தற்செயலே. மாடி எண் பாவம், என்ன செய்யும்?

ஆக, ஒரே மாதிரி ஒலிப்பது உறவுக்குச் சான்றன்று. வேறுபாட்டிலும் ஒரு விதி இருப்பதே சான்று.

நல்ல விதி, நாம் பார்க்காததையும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சோதித்துப் பாருங்கள்: மிஸோவில் மரம் 'திங்'. திபெத்தியத்தில் அதன் முதல் ஒலி என்னவாக இருக்கும்?

(விடை: 'ஷ'. மரம் அங்கே 'ஷிங்'.)