கல்லில் பதிந்த காலடிகள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், வடகிழக்கு மூலையில், பரந்த புல்வெளிகளுக்கு நடுவே கிளேட்டன் ஏரி உள்ளது. 1955ஆம் ஆண்டில் செனகா என்னும் ஓடையின் குறுக்கே அணை கட்டி இதனை உருவாக்கினர். மீன் பிடிப்போருக்கும், குளிர்காலத்தில் வந்து தங்கும் நீர்ப்பறவைகளுக்கும் பயன்படவேண்டும் என்பதே நோக்கம். இன்றும் கரையில் தூண்டிலுடன் பொறுமையாகக் காத்திருப்போரைக் காணலாம். ட்ரவுட், கெளுத்தி முதலிய மீன்கள் அகப்படும். குளிர் தொடங்கியதும் வாத்துக் கூட்டங்கள் நீரில் வந்து இறங்கும்.

அணை கட்டியவர்கள் அறியாத ஒன்று அம்மண்ணுக்கடியில் இருந்தது. ஏரி நிரம்பினால் மிகுநீர் வழிந்தோட ஒரு வழி வேண்டும். அதனைத் தமிழில் கலிங்கு என்பர். (உங்கள் தாத்தா பாட்டியின் ஊரில் ஏரி இருந்தால், அதன் கலிங்கைப் பற்றி அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.) 1982ஆம் ஆண்டில் பெருமழை பெய்து, கிளேட்டன் ஏரியின் கலிங்கு வழியே வெள்ளம் பாய்ந்தது. அது வண்டலை அரித்துச் செல்ல, அடியிலிருந்த பாறை வெளிப்பட்டது. அதில் 500-க்கும் மேற்பட்ட டைனோசர் காலடித் தடங்கள்!

ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன், வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு கடல் பரவியிருந்தது. அதன் சேற்றுக் கரையில் விலங்குகள் நடந்தன. தடங்கள் காய்ந்து இறுகின. அவற்றின்மேல் மணலும் மண்ணும் படிந்தன. காலப்போக்கில் யாவும் கல்லாயின. எலும்பு, இறந்த விலங்கு விட்டுச்சென்றது. தடமோ, உயிரோடு நடந்த விலங்கு விட்டுச்சென்றது. எனவே, எலும்பு கூறாத செய்திகளைத் தடம் கூறும். எத்திசையில் சென்றது, எட்டி நடந்ததா, மெல்ல நடந்ததா என்பவற்றை அறியலாம். சேற்றில் வழுக்கிய ஒரு டைனோசர் வாலை ஊன்றிச் சமாளித்த இடம் என ஒன்றை அங்கே காட்டுகின்றனர்.

ஆனால், தடத்தைப் படிப்பது எளிதன்று. அங்குள்ள சில விந்தையான தடங்கள், சிறகுடைய பறக்கும் ஊர்வன ஒன்றினுடையவை என்று முதலில் கருதப்பட்டன. 1992இல் வெளிவந்த ஓர் ஆய்வு அக்கருத்தை மறுத்தது. அவை ஒரு விலங்கின் தடங்கள் அல்ல. பல முதலைகளின் தடங்கள் என்று அது விளக்கியது. பாறை மாறவில்லை, பார்வை மாறியது.

பார்வையாளர்கள் தடங்களை மிதிக்காதிருக்க மரத்தாலான நடைபாதை அமைக்கப்பட்டுள்ளது. அங்குச் செல்வோருக்குக் காலையும் மாலையுமே ஏற்றவை. சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் விழும். தடம் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் வந்தவர் வெறும் பாறையைப் பார்த்துத் திரும்ப நேரிடும்.

சொற்பொருள்: வண்டல் – நீர் கொண்டுவந்து சேர்க்கும் மென்மையான மண், சுவடு – காலடித் தடம், சுவடி – ஓலையில் எழுதப்பட்ட நூல்.

செயல்பாடு: ஈர மண்ணில் ஒருமுறை நடந்தும் ஒருமுறை ஓடியும் பாருங்கள். இரு சுவடுகளுக்கும் இடையே கண்ட வேறுபாட்டை ஐந்து வரிகளில் எழுதுக.