பாட்டிமார் கையில் இருந்த சாயம்



இந்த மாதப் பாடம் தூர தேசத்துப் பெண்களைப் பற்றியது. தென் அமெரிக்காவில் பெரு என்று ஒரு நாடு. அங்கே ஆண்டீஸ் மலையில், குஸ்கோ நகரத்துக்குப் பக்கத்தில் சின்செரோ என்று ஓர் ஊர். 3,700 மீட்டருக்கு மேல் உயரம், கடுங்குளிர். கெச்சுவா மொழி பேசும் பழங்குடி மக்கள் அங்கே ஆடு, அல்பாக்கா ரோமத்தைத் தக்ளி போன்ற கதிரில் நூற்று நெய்கிறார்கள். தறியின் ஒரு முனை கம்பத்தில் இருக்கும், மறுமுனை நெய்கிறவர் இடுப்பில் கட்டியிருக்கும்.

எப்படி மறைந்தது?

1856-ல் இங்கிலாந்தில் ரசாயனச் சாயம் கண்டுபிடித்தார்கள். அது மெல்ல மெல்ல மலைச்சந்தைக்கும் வந்தது. விலை குறைவு, வேலையும் சுலபம். யார் காடு மேடு அலைந்து இலை பறிப்பார்கள்? பழைய சாய முறை சில வயதானவர்களின் நினைவில் மட்டும் தங்கியது. அவர்கள் போனால் அதுவும் போய்விடும் என்ற நிலைமை.

எப்படித் திரும்பியது?

சின்செரோவில் பிறந்து, பல்கலைக்கழகம் வரை படித்த நில்டா கயன்யாவ்பா என்ற நெசவுக்காரப் பெண், மற்ற நெசவாளர்களோடு சேர்ந்து 1996-ல் குஸ்கோவில் பாரம்பரிய நெசவு மையத்தைத் தொடங்கினார். பெரியவர்களிடம் கேட்டார்கள். கேட்டதைக் காய்ச்சிப் பார்த்தார்கள். சரியாக வராவிட்டால் மறுபடி செய்தார்கள். பிறகு 10 ஊர்க் குழுக்கள் மையத்தோடு இணைந்தன. சிறுவர் சிறுமியருக்கும் நெசவு சொல்லித் தருகிறார்கள்.

சிவப்பு எங்கிருந்து வருகிறது?

நமக்குத் தெரிந்த சப்பாத்திக்கள்ளியின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம்தான். அந்த இனக் கள்ளியில் வெள்ளைப் பொடி பூத்தாற்போல ஒரு பூச்சி ஒட்டியிருக்கும். பெயர் கொச்சினீல்.

1. பூச்சியைச் சுரண்டி எடுத்துக் காய வைப்பார்கள். காய்ந்தது ஒரு கிலோ வேண்டுமென்றால் லட்சம் பூச்சிக்கு மேல் வேண்டும்.
2. அதை அரைத்துத் தண்ணீரில் கொதிக்க வைப்பார்கள்.
3. சாயம் பிடித்து நிற்கப் படிகாரம் சேர்ப்பார்கள்.
4. கழுவிய நூல் சிட்டத்தைப் போட்டு வேகவிடுவார்கள்.

எலுமிச்சைச் சாறு விட்டால் சிவப்பு ஆரஞ்சாக மாறும். சேர்க்கும் உப்பை மாற்றினால் ஊதாவும் வரும். பச்சைக்குச் சில்கா இலை, மஞ்சளுக்குக் கோயே பூ, நீலத்துக்கு அவுரி.

நமக்கு என்ன பாடம்?

இயற்கைச் சாயம் போட்ட துணிக்கு உழைப்பு அதிகம், விலையும் அதிகம். ஆகவே தரம் பார்த்துத்தான் மையம் துணியை எடுக்கிறது. துணியோடு நெய்தவரின் பெயரும் போகிறது. தனி ஆளாகச் சந்தையில் நின்றால் வியாபாரி சொன்னதுதான் விலை. குழுவாக நின்றதால் தங்கள் உழைப்புக்குத் தாங்களே விலை சொல்ல முடிந்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தப் பாட்டிமார் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பாடம் சொன்னது அவர்கள்தான், கேட்டு எழுதிக்கொண்டது படித்த பெண்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

- நம்ம ஊரில் ஒரு கைத்தொழிலோ மருந்தோ விதையோ ஒரே ஒரு பெரியவருக்கு மட்டும் தெரிகிறதா?
- அவரிடம் யார் போய்க் கேட்பது? என்றைக்கு?

பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் வரும்போது பார்க்கிறேன்.