மூட்டையைப் பிரிக்கும் முன் பில்

மிருகசீரிஷ கார்த்தி பிறந்துவிட்டது. ஐதராபாத் நாம்பள்ளி கண்காட்சி மைதானத்தில் ஆஸ்துமாவுக்கான மீன் மருந்துக் கூட்டம் கலைய, உரக்கடை வாசல்களில் கூட்டம் சேரும். விகாராபாத், சங்காரெட்டி பக்கம் நிலம் பார்க்கும் நம்மவர்கள் வானாகாலப் (காரிஃப்) பருத்திக்கு டிஏபி ஏற்றும் நேரம் இது. பில் இல்லாமல் ஒரு மூட்டையும் வண்டியேற வேண்டாம்.

தண்டனைக்குச் சட்டத்தில் குறைவில்லை. 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையை மீறித் தரமற்ற உரம் விற்றால், அத்தியாவசியப் பொருட்கள் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை. தெலங்கானா ஒரு படி மேலே போய், தன் தடுப்புக்காவல் சட்டத்தில் உரக் குற்றவாளிகளையும் சேர்த்திருக்கிறது. விசாரணையின்றி ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். ஆனால் அபராதம் கருவூலத்துக்குப் போகும், கடைக்குப் பூட்டு விழும்; காய் பிடிக்காத செடிக்கு அதில் ஒரு பைசா வராது. ஆய்வக முடிவு வருவதற்குள் உரம் மண்ணோடு போயிருக்கும்.

நஷ்டஈட்டை நாமேதான் கேட்க வேண்டும். தரமற்ற விதையால் நொந்த ஆந்திர விவசாயிகளின் வழக்கில், விவசாயியும் நுகர்வோரே என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழி உரத்துக்கும் திறந்திருக்கிறது: மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு, 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய சரக்கானால் கட்டணம் இல்லை. பில் இல்லாதவர் அங்கே போய் என்னத்தைக் காட்டுவார்?

பில்லில் உரத்தின் பெயர், கம்பெனி, எடை, விலை இருக்கட்டும். துண்டுச் சீட்டு பில் ஆகாது. 45 கிலோ யூரியா 266 ரூபாய் 50 காசு. அதோடு வேறு பாட்டிலையும் தலையில் கட்டினால் மறுத்துவிடுங்கள். வாய்த் தையல் மெஷின் தையலா என்று பாருங்கள்; கைத்தையலானால் ஈய முத்திரை வேண்டும்.

டிஏபியில் நாலு குருணையை உள்ளங்கையில் வைத்து, வெற்றிலைச் சுண்ணாம்பு சேர்த்துத் தேயுங்கள். கண்ணில் நீர் வரும்படி நெடி ஏறினால் சரி. ஏறாவிட்டால் சந்தேகம், அவ்வளவுதான், அது சாட்சியாகாது. மீதி மூட்டைகளைப் பிரிக்காமல் மண்டல வேளாண் அலுவலரை வரச்சொல்லுங்கள். முறைப்படி அவர் எடுக்கும் மாதிரி வழக்கில் நிற்கும். வராவிட்டால் கிசான் கால் சென்டரை 1800-180-1551-இல் கூப்பிடுங்கள்.

காலிச் சாக்கை விற்றுவிடாதீர்கள். பேட்ச் எண் அதில்தான் இருக்கிறது. அறுவடை முடியும்வரை கொட்டகையில் கிடக்கட்டும்.